பதினேழு வளைவும் ஒரு செடானும்: கேள்வி பதில்

போடியில் வீல் அலைன்மென்ட், சஸ்பென்ஷன் வேலை பார்க்கும் பட்டறை என்னுடையது. 22 வருஷமாகிறது. டிஎன் 60 வண்டியும் வரும், மலைக்கு அந்தப் பக்கத்து கேஎல் 06 வண்டியும் வரும். போன மாதம் ஒரு வாடிக்கையாளரின் ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி (1.5 டர்போ பெட்ரோல், டிஎஸ்ஜி என்னும் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) இரண்டு நாள் கையில் கிடைத்தது. அடுத்த வாரமே வேறொருவரின் ஹூண்டாய் வெர்னா டர்போ. இரண்டையும் முந்தலிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவிலும் ஏற்றி, பூப்பாறையில் டீ குடித்துவிட்டு இறக்கினேன். அதிலிருந்து ஆளாளுக்குக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறேன். தோற்றம், உள்ளே உட்காரும் வசதி, ஓடும் விதம், இவை மூன்றும்தான் எனக்குத் தெரிந்தவை.

கே (திராட்சை விவசாயி, கம்பம்): விர்ட்டஸ் 2022-லேயே வந்துவிட்டது. பார்க்கப் பழசாகத் தெரியாதா? வெர்னாவின் முகம் புதுசாக இருக்கிறதே?

வெர்னாவின் முன்பக்கத்தில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஓடும் விளக்குப் பட்டை இருக்கிறது. ராத்திரி மூன்னார் பக்கம் கேப் ரோட்டு மூடுபனியில் எதிரே வந்தால் இது எந்த வண்டி என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அந்த அளவுக்கு அது வேலை செய்கிறது. ஆனால் பக்கவாட்டுக் கதவுகளில் தகட்டை இத்தனை இடத்தில் மடித்திருக்க வேண்டாம். கல்யாண வீட்டில் எல்லா நகையையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது. பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை மட்டும் நிஜமாகவே அழகு.

விர்ட்டஸில் கைப்பிடிக்குச் சற்று மேலே ஒரே ஒரு கோடு, முன்னிருந்து பின் வரை. அவ்வளவுதான். நீளம் 4561 மில்லிமீட்டர், அகலம் 1752. பானெட் தட்டையாக, நீளமாகக் கிடப்பதால் பெரிய வண்டி போலத் தோன்றும். ஜிடியில் பக்கக் கண்ணாடிகளின் மூடி கறுப்பு, அலாய் சக்கரமும் கறுப்பு, முன்சக்கரத்தில் சிவப்புக் காலிப்பர் (பிரேக் கவ்வி). குறை எங்கே என்றால், சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே இடைவெளி அதிகம். தரையிலிருந்து 179 மில்லிமீட்டர் உயர்த்தி வைத்திருப்பதால் வந்த வினை. நாலு பேர் உட்கார்ந்தால் அந்த இடைவெளி குறைந்து வண்டி சரியான நிலைக்கு வரும். காலி வண்டியைப் பார்த்து அழகை முடிவு செய்யாதீர்கள். ஷோரூம் விளக்கில் எல்லாமே பளபளக்கும். சாயங்காலம் ஐந்தரை மணி வெயிலில், பின்பக்க மூலையிலிருந்து பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.

இத்தனை வருஷத்தில் பழசாகிவிட்டதா என்றால், இல்லை. அலங்காரம் குறைவு என்பதால் பழசாவதும் மெதுவாகத்தான்.

கே (தேனி): மைலேஜ் எவ்வளவு தரும்?

விர்ட்டஸ் மலையேறும்போது ஒன்பது, பத்து. கம்பம் சமவெளியில் நிதானமாகப் போனால் பதினேழு, பதினெட்டு. பாரம் இல்லாத நேரத்தில் அதன் 1.5 இன்ஜின் நாலில் இரண்டு சிலிண்டரை நிறுத்திக்கொள்ளும்.

கே (செவிலியர், வேலை கோட்டயம், வீடு உத்தமபாளையம்): மாதம் இரண்டு தடவை குமுளி வழியாக வருகிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி. ஸ்போர்ட் செடான் என்றால் உள்ளே வசதியாக இருக்குமா?

தங்கச்சி, முதலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்துப் பாருங்கள். செடானில் சீட் தாழ்வு. உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் பாடு. மூட்டுவலிக்காரர்கள் கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுவார்கள். கூரை சரிவாக இருக்கும் வண்டியில் அப்போது தலை இடிக்கும். வெர்னாவில் பின்சீட்டில் கால் நீட்ட இடம் தாராளம், ஆனால் தலைக்கு மேலே அளவாகத்தான் இருக்கிறது.

விர்ட்டஸின் டேஷ்போர்டைத் தட்டிப் பார்த்தால் கட்டிப் பிளாஸ்டிக்தான். இந்த விலைக்கு வெர்னா உள்ளே இன்னும் பணக்காரத்தனமாக இருக்கிறது, இரண்டு திரையும் ஒரே பலகையில். ஆனால் முன்சீட்டின் வடிவத்தில் விர்ட்டஸ் ஜெயிக்கிறது. தொடைக்குக் கீழேயும் இடுப்பின் இரு பக்கமும் நன்றாகத் தாங்குகிறது. குமுளி இறக்கத்தில் திரும்பத் திரும்ப வளையும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உடம்பைச் சமாளிக்க வேண்டியதில்லை. முன்சீட்டில் துணிக்கு அடியிலிருந்து காற்று வரும் வசதி இரண்டிலும் மேல்வகை மாடல்களில் உண்டு. சித்திரை மாதம் லோயர் கேம்ப்பில் இறங்கும்போது அதன் அருமை தெரியும்.

ஆனால் உங்கள் தேவைக்கு நான் சொல்வது ஹோண்டா சிட்டி. வேகம் இவை இரண்டையும்விடக் குறைவு, 121 குதிரைசக்திதான். பின்சீட் மென்மை. அம்மா திட்டமாட்டார். வெள்ளை, பழுப்பு உள்ளலங்காரம் மட்டும் வேண்டாம். எங்கள் மலைச் செம்மண் ஒட்டினால் போகாது.

எதை வாங்கினாலும் டயரின் பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 3524 என்றிருந்தால் 2024-இன் 35-ஆவது வாரம் செய்தது. புது வண்டியிலும் பாருங்கள்.

கே (இன்ஜினியரிங் மாணவர், தேனி): அண்ணே, வெர்னா டர்போ 160 பிஎஸ் (குதிரைசக்தி), விர்ட்டஸ் 150 பிஎஸ். அப்போ மலையில் வெர்னாதானே வேகம்?

தம்பி, டார்க்கில் (முறுக்கு விசை) 250, 253 நியூட்டன் மீட்டர் என்று இரண்டும் அக்கா தங்கை. நேர்ரோட்டில் வெர்னா ஒரு மூக்கு முன்னால் போகலாம். மலை வேறு.

இரண்டுமே முன்சக்கரத்தால் இழுக்கிற வண்டிகள். மேடேறும்போது எடை பின்னால் சாய்கிறது, முன்சக்கரத்துக்குப் பிடிப்பு குறைகிறது. கொண்டை ஊசியில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் உள்பக்கச் சக்கரம் மணலில் சுழலும், மூக்கு வெளிப்பக்கம் போகும். உன் 160-உம் அங்கே புகையாகத்தான் போகும். விர்ட்டஸில் உள்சக்கரம் சுழல ஆரம்பித்ததும் அதற்கு மட்டும் தானாகக் கொஞ்சம் பிரேக் பிடித்து, சக்தியை வெளிச்சக்கரத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. ஒன்பதாவது வளைவில் அது வேலை செய்வது காலுக்கே தெரிந்தது.

ஓடும் விதத்தை எப்படி எடை போடுவது? ஷோரூம்காரர் பைபாஸில் ஒரு நேர்ரோட்டைக் காட்டி மிதிக்கச் சொல்வார். அதில் ஒன்றும் தெரியாது. நாற்பதில் போ. இடம், வலம் என்று சட்டென ஒரு தடவை ஒடித்து நேராக்கு. அதன் பிறகு உடம்பு எத்தனை தடவை ஆடி நிற்கிறது என்று எண்ணு. விர்ட்டஸ் ஒரு தடவை சாய்ந்து நின்றுவிட்டது. வெர்னா ஒன்றரை. ஸ்டீயரிங்கில் வெர்னா லேசு. ஊருக்குள் சந்தோஷம், மலையில் சக்கரம் என்ன செய்கிறது என்பது விரலுக்கு வந்து சேரவில்லை. ஸ்போர்ட் மோடில் கனம் கூடுகிறது, சேதி கூடுவதில்லை. விர்ட்டஸிலும் அந்தக் காலத்து ஹைட்ராலிக் ஸ்டீயரிங் போல வராது. இருந்தாலும் நம்பி ஓட்டலாம்.

அப்புறம் பின்சீட்டில் மூன்று நண்பர்களை ஏற்றிக்கொண்டு இதையே செய். தனியாக ஓட்டிப் பார்த்து வாங்கியவர்கள்தான் என் பட்டறைக்கு ஆறு மாதத்தில் வருகிறார்கள்.

கே (ஆண்டிபட்டி): மைலேஜ்?

மேலே பாருங்கள்.

கே (பெரியகுளம்): 16 இன்ச் சக்கரம் சின்னதாகத் தெரிகிறது. 18 போடலாமா?

வேண்டாம். விர்ட்டஸில் வருவது 205/55 ஆர்16. டயரின் சுவர் உயரம் 205-இல் 55 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 113 மில்லிமீட்டர். குழியில் ரிம்மைக் காப்பது அந்தச் சுவர்தான். ஆசை தீராவிட்டால் 205/50 ஆர்17 போடுங்கள். மொத்த விட்டம் ஐந்து மில்லிமீட்டர்தான் கூடும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. 18-க்குப் போனால் மாதாமாதம் என்னைப் பார்க்க வர வேண்டியிருக்கும். எனக்கு லாபம்தான். புது டயர் வாங்கும்போதும் அந்த நாலு இலக்கம்.

கே (சாந்தன்பாறை): இத்தனை லட்சம் கொடுத்து வாங்கும் வண்டியில் பின்னால் டிரம் பிரேக்கா? வெர்னா டர்போவில் நாலும் டிஸ்க். இந்த ஒரு காரணத்துக்காகவே விர்ட்டஸை நிராகரிக்கலாம், இல்லையா?

எனக்கும் எரிச்சல்தான். முன்னால் சிவப்புக் காலிப்பரை மாட்டிவிட்டுப் பின்னால் டிரம் என்பது பட்டுவேட்டிக்கு ரப்பர் செருப்பு. ஆனால் நிராகரிக்கும் அளவுக்கு இல்லை. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் பாய்வதால் பெரும்பகுதி வேலையை முன்சக்கரங்களே செய்கின்றன.

குறுக்கே ஒருவர் (எஸ்டேட் ஜீப் ஓட்டுநர், போடி): டிஸ்க்காவது டிரம்மாவது. தினமும் விடியற்காலை ஏலத்தோட்டத்து வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மேலே போய் சாயங்காலம் இறங்குகிறேன். பின்னால் டிரம்தான். இத்தனை வருஷத்தில் ஒன்றும் ஆகவில்லை. கார்க்காரர்களுக்குத்தான் இந்தப் பயமெல்லாம்.

சாந்தன்பாறைக்காரர்: ஜீப்பையும் 150 குதிரைசக்தி காரையும் ஒப்பிடாதீர்கள். டிரம் சூடானால் பிடிக்காது. இது இயற்பியல்.

ஜீப் ஓட்டுநர்: சூடாக்குகிறவன் ஓட்டத் தெரியாதவன்.

இருவர் சொல்வதும் பாதி சரி. டிரம் சூடேறினால் விரிந்து லைனிங்கை விட்டு விலகும், பெடல் கீழே போகும். டிஸ்க் திறந்திருப்பதால் சீக்கிரம் ஆறும். அதனால் டிஸ்க் இருந்தால் கவலை இல்லை என்று நினைத்துவிட்டால்தான் ஆபத்து. என் கதையையே கேளுங்கள். பல வருஷம் முன்னால் நாலு பக்கமும் டிஸ்க் உள்ள ஒரு பழைய செடானில் குடும்பத்தோடு குமுளியிலிருந்து இறங்கினேன். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற புத்திசாலித்தனத்தில் நியூட்ரல். மின்நிலையத்துக்குப் போகும் பெரிய குழாய்கள் தெரிகிற இடத்துக்கு வருவதற்குள் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. கியரைத் திணித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கச் சுவரில் உரசித்தான் நிறுத்தினேன். கழற்றிப் பார்த்தால் பிரேக் ஆயில் நாலு வருஷப் பழசு. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்துக் குமிழி விடும். குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது. டிஸ்க் என்ன செய்யும்?

அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயில் மாற்றுங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். டிஎஸ்ஜி என்றால் மேனுவல் மோடில் இரண்டு.

சாந்தன்பாறைக்காரர்: அப்படியும் டிஸ்க் நல்லதுதானே?

நல்லதுதான் ஐயா. நான் இல்லையென்று எங்கே சொன்னேன்?

கே (சின்னமனூர்): எந்த வங்கியில் வட்டி குறைவு?

வங்கியில் கேளுங்கள்.

கே (நெடுங்கண்டம்): டிஎஸ்ஜி சூடாகி நின்றுவிடும் என்கிறார்கள். மூன்னார் சீசன் நெரிசலில் என்ன செய்வது?

நல்ல கேள்வி. விர்ட்டஸ் 1.5-இல் இருப்பது ஏழு கியர், உலர் கிளட்ச், அதாவது எண்ணெயில் நனையாதது. மேட்டில் பிரேக்கை விட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, இன்ச் இன்ச்சாக ஊர்ந்தால் அந்த கிளட்ச் தேய்ந்துகொண்டே இருக்கும், சூடேறும். வெர்னாவின் டிசிடியும் இரட்டை கிளட்ச்தான், அதற்கும் இதுவே. முன்வண்டி இரண்டு கார் நீளம் நகரும் வரை பிரேக்கில் நின்று, பிறகு ஒரே தடவையாக நகருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். நெரிசலில்தான் பாதி வாழ்க்கை என்றால் விர்ட்டஸ் 1.0 ஆட்டோமேட்டிக்கைப் பாருங்கள். அதில் பழைய மாதிரி, எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர், ஆறு கியர். 115 பிஎஸ்தான், ஆனால் ஊர்வதற்கு அதுதான் பொறுமைசாலி.

கே (ஏலக்காய் வியாபாரி, போடி): டிக்கியில் மூட்டை போடலாமா?

521 லிட்டர் இடம், தாராளமாகப் போடலாம். எடை ஏறினால் பின் டயர் காற்றைக் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி கூட்டுங்கள். வாசனை இரண்டு மாதம் போகாது. அதைக் குறையென்று சொல்லமாட்டேன்.

கே (கூடலூர்): மைலேஜ் பற்றி யாரும் கேட்கவில்லையே, எவ்வளவு…

அடுத்தது.

ஜீப் ஓட்டுநர்: அண்ணே, சும்மா நீங்கள் சொன்னதற்காக டயரைப் பார்த்தேன். பின்னால் இரண்டிலும் 1116 என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால்?

2016-இன் 11-ஆவது வாரம். மாசி, பங்குனி. டயர் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுபள்ளம்) நன்றாகத்தான் இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். நாளைக்குக் காலையில் ஆள் ஏற்றாதீர்கள். நேராகப் பட்டறைக்கு வாருங்கள், ஏழு மணிக்குத் திறந்திருப்பேன். பிரேக் ஆயிலையும் பார்த்துவிடலாம்.

ஜீப் ஓட்டுநர்: வண்டி இப்போது மேலே பூப்பாறையில் நிற்கிறதே அண்ணே.

அப்படியானால் ஆளில்லாமல் இறங்குங்கள். இரண்டாவது கியர்.

ஜீப் ஓட்டுநர்: அது எனக்குத் தெரியாதா!