பிரெக்ட் ஏன் ஆன்டிகனியிடம் போனார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் தன் நாடகத்தை அரிஸ்டாட்டில் வழியில் வராதது என்றே சொல்லிக்கொண்டார். பார்வையாளர்கள் கதையில் கரைந்து அழுவது அவருக்குப் பிடிக்காது. அப்படிப்பட்டவர் 1948இல் பழங்கிரேக்க நாடகாசிரியர் சொஃபோக்ளிஸின் 'ஆன்டிகனி'யைக் கையில் எடுத்தது முரண்பாடு இல்லையா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரெக்டின் சண்டை தலைவிதியோடுதான். கோரஸ் (சேர்ந்து பேசிப் பாடும் குழு), முகமூடி, கொலையை மேடையில் காட்டாமல் தூதுவன் வந்து சொல்வது, இதெல்லாம் அவருக்குத் தோதானவை. 'இது இப்படித்தான் முடியும்' என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறோமே, அதுதான் அவருக்கு ஆகாது.

மூலக்கதையில், அரசன் கிரியோனின் தடையை மீறி, இறந்த தன் சகோதரன் பாலினைசிஸை அடக்கம் செய்கிறாள் ஆன்டிகனி. பிரெக்ட் இதில் எதை மாற்றினார் என்று பாருங்கள். சொஃபோக்ளிஸில் பாலினைசிஸ் அயல்படையோடு சொந்த ஊர்மேல் வந்தவன். பிரெக்டிடம் அவன் கிரியோனின் படையிலேயே சிப்பாய். ஆர்கோஸ் நகரின் கனிமத்துக்காக நடக்கும் போரில் உடன்பிறந்தவன் சாவதைப் பார்த்துக் களத்தைவிட்டு ஓடுகிறான். கிரியோன் அவனைக் கொல்கிறான். ஆன்டிகனியின் குடும்பத்தைத் துரத்திய குலசாபம் போய்விட்டது, போரின் வரவு செலவு வந்துவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது குறிசொல்லும் டைரீசியஸ். மூலத்தில் பறவைகளின் கூச்சலிலும் பலிபீடத்தில் பற்றாத நெருப்பிலும் தெய்வக்கோபத்தைக் காண்கிற குருட்டுக் கிழவன். பிரெக்டிடம் அவன் நடப்பதை வைத்துக் கணக்குப் போடுகிறான். வெற்றிவிழா அமர்க்களப்படுகிறது, போரோ முடிந்தபாடில்லை. அப்படியென்றால் எங்கோ உதைக்கிறது! இதற்குத் தெய்வம் எதற்கு?

ஆன்டிகனியையும் அவர் சும்மா விடவில்லை. அடிமைகள் சுட்ட ரொட்டியை இவளும் நிழலில் உட்கார்ந்து தின்றவள்தானே, அடி தன் வீட்டில் விழுந்த பிறகுதானே எழுந்தாள் என்று கோரஸ் குத்திக்காட்டுகிறது. இது எனக்குச் சொஃபோக்ளிஸைவிடக் கடுமையாகப் படுகிறது.

ஸ்விட்சர்லாந்தின் கூர் நகரில் அரங்கேற்றம். தங்கள் முறை வரும்வரை நடிகர்கள் மேடையிலேயே எல்லோர் கண்ணிலும் பட பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆன்டிகனியாக பிரெக்டின் மனைவி ஹெலன வைகல், முதுகில் ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு. அப்போது அவருக்கு 47 வயது. இளம்பெண் என்று யாரையும் நம்பவைக்கிற கவலையே பிரெக்டுக்கு இல்லை.

சரி, அழுகை? அந்த விஷயத்தில் அவர் தோற்றார் என்றே சொல்வேன். 1941இல் சூரிக்கில் அவருடைய 'மதர் கரேஜ்' நாடகம் மேடையேறியபோது, போரில் வியாபாரம் செய்து பிள்ளைகளைப் பறிகொடுப்பவளைத் துயரத் தாயாகவே பார்த்தார்கள். பிரெக்ட் காட்சிகளைத் திருத்தி, அவள் பேரம் பேசும் புத்தியை இன்னும் உறைக்க எழுதினார். 1949இல் பெர்லினில் அதே வைகல் நடித்தார். அங்கேயும் அழுதார்கள்.