மேளங்கள் ஆளுக்கொரு பக்கம் போகும்போது கோரஸ் எப்படித் தாளம் தப்பாமல் பாடுகிறது?

மேற்கு ஆப்பிரிக்க மேளத்தோடு சேர்ந்து பாடுபவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கானா, டோகோ பக்கத்து எவே மக்களின் அக்பாட்ஸா ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம்.

அங்கே எல்லோரும் காது கொடுப்பது மேளத்துக்கு அல்ல, மணிக்கு. கங்கோகுயி என்ற இரட்டை இரும்பு மணி, குச்சியால் தட்டுவது. ஒரு சுற்றில் 12 சம துடிப்பு, அதற்குள் 7 தட்டு; ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைவெளி 2-2-1-2-2-2-1 துடிப்பு. இது கடைசிவரை மாறாது. தொடையில் தட்டிப் பாருங்கள், அந்த 1 வரும் இடத்தில்தான் கை சறுக்கும்! எனக்கு இன்றும் சறுக்குகிறது.

சோகோ என்ற தலைமை மேளம் பேசும், கிடி மேளம் பதில் சொல்லும். பாட்டும் அப்படியே: ஒருவர் எடுத்துக்கொடுக்க, கூட்டம் வாங்கிப் பாடும்.

அப்புறம், எவே மொழியில் குரல் ஏறி இறங்கினால் சொல்லின் பொருளே மாறிவிடும். அதனால் மெட்டும் பெரும்பாலும் பேச்சை ஒட்டியே போகும்.