4கே படம் பார்க்க கம்ப்யூட்டரா? முதலில் அந்த கொட்டேஷனை ஓரமாக வையுங்கள்

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியர். மகன் 55 இன்ச் 4கே டிவி வாங்கித் தந்திருக்கிறான். மஸ்கட்டிலிருந்து வரும்போது புளூ-ரே டிஸ்க்குகளும் கொஞ்சம் கொண்டுவந்தான், அதில் நாலைந்து 4கே டிஸ்க். பேத்தி கல்யாண வீடியோ 4கே-யில் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. இதையெல்லாம் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் போடலாம் என்று திருநெல்வேலியில் ஒரு கடையில் கேட்டேன். ஐ7, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, புளூ-ரே டிரைவ் எல்லாம் சேர்த்து 58,000 ரூபாய் என்றார்கள். தெரிந்த பையன் ஒருவன் 14,000-க்குப் பழைய ஐ7 முடித்துத் தருவதாகச் சொல்கிறான். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள் சார். முதலாவது உங்களுக்குத் தேவையில்லாதது. இரண்டாவது உங்கள் வீடியோவை ஓட்டாது.

காரணம் சுருக்கமாக இதுதான். படமோ கல்யாண வீடியோவோ ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே கிடப்பதில்லை. சுருக்கி மடித்து வைத்திருக்கிறார்கள். ஓட்டும்போது நொடிக்கு 24 அல்லது 25 படமாக அதைப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். 4கே வீடியோவைப் பெரும்பாலும் ஹெச்இவிசி என்ற முறையில்தான் சுருக்குகிறார்கள். அதைப் பிரிப்பதற்கென்றே ப்ராசஸருக்குள் தனிச் சுற்று ஒன்று வைத்திருப்பார்கள். அது இருந்தால் சின்ன ப்ராசஸரே சூடாகாமல் ஓட்டிவிடும். இல்லையென்றால் ஐ7-ஆக இருந்தாலும் படம் திக்கித் திக்கி ஓடும், ஃபேன் இரையும்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது ஐ3-யா ஐ7-ஆ என்பதை அல்ல. எத்தனையாவது ஜெனரேஷன் என்பதை. ஐ7 என்ற பெயர் 2008-லிருந்து இருக்கிறது. பையன் சொல்லும் பெட்டி அநேகமாக ஐ7-3770 மாதிரி ஒன்றாக இருக்கும். அந்த எண்ணில் முதல் இலக்கம் 3, அதாவது மூன்றாவது ஜெனரேஷன், 2012-இல் வந்தது. எண் ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டைப் பாருங்கள்: ஐ3-12100 என்றால் பன்னிரண்டாவது. உங்கள் வேலைக்கு ஏழாவதற்குக் கீழே தொடவே வேண்டாம். ஏவி1 என்ற புதிய முறையையும் ஓட்ட வேண்டுமென்றால் பதினொன்றாவது அல்லது அதற்கு மேல்.

இந்தப் பழைய பெட்டிகள் எங்கிருந்து வருகின்றன தெரியுமா? பெரிய கம்பெனிகள் வருஷக்கணக்கில் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துக் கட்டியவை. துடைத்து, புது கேபினட்டில் மாட்டி, முன்பக்கம் ஐ7 ஸ்டிக்கர் ஒட்டினால் ஊருக்கு வந்துவிடும். கணக்கு எழுதவும் பில் போடவும் அவை நன்றாகவே உழைக்கும், அதில் குறை இல்லை. ஆனால் "4கே சூப்பரா ஓடும் சார்" என்று சொல்லி ஓய்வூதியக்காரர்களிடம் தள்ளுகிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நடுவில் நிற்கிற பையனுக்குத் தரகு கிடைத்துவிடும். பிறகு போன் அடித்தால் எடுக்க மாட்டான்.

சரி, கடைக்காரர் சொன்ன 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. என்ன கார்டு என்று மாடல் எழுதவில்லை பாருங்கள். இந்த மாதிரி கொட்டேஷன்களில் ஜிடி 730 என்ற கார்டை அடிக்கடி பார்க்கிறேன். அது 2014-இல் வந்தது. ஹெச்இவிசி பிரிக்கும் சுற்று அதில் கிடையாது. 4 ஜிபி என்பது அதன் மேல் ஒட்டியிருக்கும் மெமரியின் அளவு மட்டும்தான், அந்த எண் பெரிதாவதால் படம் தெளிவாகாது. படம் பார்க்க தனி கார்டே வேண்டாம். ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும்.

இங்கே இன்னொரு வலை இருக்கிறது. ப்ராசஸர் எண்ணின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால், உதாரணமாக ஐ3-12100எஃப், அதில் உள் கிராபிக்ஸ் இல்லை. விலை கொஞ்சம் குறைவு என்பதால் அதைப் போட்டுக்கொடுத்துவிட்டு, "கார்டு இல்லாமல் டிஸ்ப்ளே வராதே சார்" என்று கார்டை உங்கள் தலையில் கட்டுவார்கள். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த நிலைமையை உண்டாக்கியவரே அவர்தான். கொட்டேஷனில் ப்ராசஸரின் முழு எண்ணையும் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அந்தக் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இன்டெல் என்100 ப்ராசஸர் போட்ட மினி பிசி. 2023-இல் வந்த ப்ராசஸர், அடிப்படை மின்தேவை 6 வாட்தான். ஹெச்இவிசியும் ஏவி1-உம் இரண்டையும் பிரிக்கும். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். படங்களையும் வீடியோவையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். அந்த கொட்டேஷனில் பாதிகூட ஆகாது. டிவிக்கு வயர் மாட்டும் ஹெச்டிஎம்ஐ போர்ட் 2.0 வகையா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். 1.4 என்றால் 4கே நொடிக்கு 30-க்கு மேல் போகாது. கோடி என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அமைப்புகளில் படத்தின் வேகத்துக்கு ஏற்ப டிவியின் வேகத்தை மாற்றச் சொல்லிவிட்டால் காட்சி நகரும்போது வரும் அந்தச் சின்ன உதறல் போய்விடும்.

இனி டிஸ்க் விஷயம். மற்ற எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் சரி, உங்கள் 4கே டிஸ்க்குகளுக்கு மட்டும் சரிவராது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கடைக்காரர் புளூ-ரே டிரைவை கொட்டேஷனில் சேர்த்துவிட்டு இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

4கே டிஸ்க்கை கம்ப்யூட்டரில் முறைப்படி ஓட்ட, ப்ராசஸருக்குள் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு அறை இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். டிஸ்க்கைத் திறக்கும் சாவியை யாரும் திருடிவிடக் கூடாது என்பதற்காக. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இன்டெல் ஏழாவதிலிருந்து பத்தாவது ஜெனரேஷன் வரைதான் இதற்குத் தோதாக இருந்தன. பதினொன்றாவதிலிருந்து அந்த அறையையே இன்டெல் எடுத்துவிட்டது. ஆக, இன்று புதிதாக வாங்கும் ப்ராசஸரில் 4கே டிஸ்க் முறைப்படி ஓடாது. அப்படியென்றால் பழைய எட்டாவது ஜெனரேஷன் ஒன்றைத் தேடிப் பிடிக்கலாமா என்று கேட்பீர்கள். பிடித்தாலும் மதர்போர்டில் எஸ்ஜிஎக்ஸ் திறந்திருக்க வேண்டும், ஹெச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்புப் பூட்டு இருக்க வேண்டும், 4கே படிக்கும் டிரைவ் தனி, பவர்டிவிடி மாதிரி காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் தனி. அந்தக் காலத்து போர்டுகள் பலவற்றில் ஹெச்டிஎம்ஐ 1.4-தான் இருந்தது. இத்தனையும் ஒன்றுசேர்ந்து அமைந்தால்தான் படம் வரும். காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவர் இவ்வளவு படிகள் ஏற வேண்டும், திருட்டுப் பிரதி வைத்திருப்பவருக்கு ஒரு தடையும் இல்லை. இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் வாங்குகிறவரைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

எனவே புளூ-ரே டிரைவை கொட்டேஷனிலிருந்து அடித்துவிட்டு, 4கே டிஸ்க் பிளேயர் ஒன்றைத் தனியாக வாங்கி நேரே டிவியில் மாட்டுங்கள். மகன் அடுத்த முறை வரும்போது அங்கிருந்தே வாங்கிவரச் சொல்லலாம். சாதாரண புளூ-ரே டிஸ்க்குகளும் அதிலேயே ஓடும், ஆனால் டிஸ்க் உறையில் ஏ, பி, சி என்று இருக்கும் மண்டல எழுத்து பிளேயருக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். 4கே டிஸ்க்குக்கு அந்தத் தொல்லை இல்லை. சந்தா கட்டிப் பார்க்கும் ஓடிடி படங்களுக்கும் டிவியில் இருக்கும் ஆப்பையே பயன்படுத்துங்கள். கம்ப்யூட்டர் பிரவுசரில் பார்த்தால் முழுத் தெளிவு கிடைக்காமல் போவது வழக்கம், அங்கேயும் இதே பூட்டுதான்.

மினி பிசியை டிவி ஸ்டாண்டின் மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். கத்திரி வெயிலில் அது வெந்துவிடும். அதைவிட முக்கியம் எர்த். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிபார்த்த பிறகு மாட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடி நேரத்தில் ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கோடு கேபிள் டிவி வயரையும் இன்டர்நெட் வயரையும் கழற்றிவிடுங்கள். அந்த வயர்கள் வழியாகவும் ஹெச்டிஎம்ஐ போர்ட்டுகள் கருகலாம்.

வாங்கப் போகும்போது பேத்தியின் கல்யாண வீடியோவில் ஒரு துண்டை பென் டிரைவில் எடுத்துப் போங்கள். கடையிலேயே ஒரு 4கே டிவியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். "பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் மிச்சம்" என்பார்கள். அந்த மிச்சத்தோடு வாரண்டியும் போய்விடும். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். வாங்கிய பிறகு இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது.