மட்கும் கட்டை சில வெள்ளையாகவும் சில பழுப்பாகவும் மாறுவது ஏன்?

பினாங்குக் கொடிமலைப் பாதையில் விழுந்து கிடக்கும் மரங்களைப் பார்த்துப் பலரும் கேட்கும் கேள்வி இது. காரணம் லிக்னின்.

மரத்தைக் கான்கிரீட் தூணாக நினைத்துக்கொள்ளுங்கள். செல்லுலோஸ் நார்தான் கம்பி. அதைச் சுற்றி இறுகியிருக்கும் சிமெண்டு லிக்னின். மர எடையில் ஏறத்தாழ கால் பங்கு. பழுப்பு நிறமும் பெரும்பாலும் அதனுடையதே.

இந்தச் சிமெண்டை உடைப்பது லேசான வேலை இல்லை. அதன் பிணைப்புகள் ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடப்பதால், ஒரே சாவியால் எல்லாப் பூட்டையும் திறக்க முடியாது. அதனால் வெள்ளை அழுகல் காளான்கள் கதவையே இடிக்கின்றன. காயத்துக்குப் போடுவோமே, அந்த ஹைட்ரஜன் பெராக்சைடைத் தாமே சுரந்து, அதன் துணையோடு பெராக்சிடேஸ் என்ற நொதிகளால் லிக்னினிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கின்றன. அப்புறம் லிக்னின் தானாகவே துண்டுதுண்டாக உடைகிறது. மிஞ்சுவது வெளிறிய நார். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பொரித்து விற்கிறார்களே சிப்பிக் காளான், அதுவும் இந்தக் கூட்டம்தான். ரப்பர் மரத்தூளில் அது செழிப்பாக வளர்வது இதனால்தான்.

பழுப்பு அழுகல் காளான்கள் வேறு ரகம். செல்லுலோஸைத் தின்றுவிட்டு, லிக்னினைச் சற்றே மாற்றி அப்படியே விட்டுவிடும். கட்டை பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடிக்கும்.

சரி, வீட்டு நிலைக்கதவில் முளைத்த காளான் குடையைப் பிடுங்கினால் அழுகல் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். குடை வெறும் காய்தான், மரத்தை அரிக்கும் பூஞ்சை இழைகள் உள்ளேயே இருக்கின்றன.