வாசகர் கேள்வி – பதில்: தாய்லாந்தில் சட்டமும் கையூட்டும்

கேள்வி: பாங்காக்கில் நெடுநாளாக வசிக்கும் என் சித்தப்பா, "இங்கே சட்டம் பெயருக்குத்தான், பணம் கொடுத்தால் எதுவும் நடக்கும்" என்கிறார். அங்குள்ள வெளிநாட்டினர் பலரும் இப்படியே சொல்வதாகக் கேள்விப்படுகிறேன். இது எந்த அளவுக்கு உண்மை?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தாய்லாந்தில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை, சில துறைகளில் அளவுக்கு மிஞ்சியே இருக்கிறது. கையூட்டு வாங்கும் அரசு ஊழியருக்கு அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 149ஆம் பிரிவு ஆயுள் தண்டனையையும், மரண தண்டனையையும்கூட அனுமதிக்கிறது. கொடுப்பவருக்கு 144ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை உண்டு. 1997ஆம் ஆண்டு அரசியலமைப்பின் வழியே உருவான தேசிய ஊழல் தடுப்பு ஆணையம் 1999 முதல் இயங்கிவருகிறது. இவ்வளவும் இருந்தும், நாடுகளின் ஊழலை அளவிடும் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் (புள்ளி கூடக் கூட ஊழல் குறைவு) தாய்லாந்து நூற்றுக்கு 34 புள்ளிகளே பெற்று 107ஆம் இடத்தில் நின்றது. (அதே பட்டியலில் இந்தியாவுக்கு 38 புள்ளிகள், 96ஆம் இடம். எனவே மேட்டில் நின்று பார்ப்பவர்களைப் போல நாம் பேச வேண்டியதில்லை.)

"எதுவும் நடக்கும்" என்பதுதான் தவறு. கட்டணமும் காலக்கெடுவும் எழுதி ஒட்டப்பட்டிருக்கும் அரசு அலுவலக முகப்புகளில் இன்று பெரும்பாலும் ரசீதுடன் வேலை முடிகிறது. எந்த அனுமதிக்கு என்னென்ன ஆவணங்கள் தேவை, எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை ஒவ்வொரு துறையும் வெளியிட வேண்டும் என்று 2015இல் ஒரு சட்டம் வந்த பிறகு நிலைமை மேம்பட்டது. பிடிப்பதும் விடுவதும் ஓர் அதிகாரியின் விருப்பத்தில் இருக்கும் இடங்களில்தான் பணம் கைமாறுகிறது. மதுக்கூடம் மூடும் நேரம், கட்டட அனுமதி, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய லாரி ஆகியவை அத்தகைய இடங்கள். முகப்புக் கண்ணாடியில் குறிப்பிட்ட ஸ்டிக்கரை ஒட்டிய லாரிகளைச் சோதனைச் சாவடிகளில் நிறுத்துவதில்லை என்பதும், அந்த ஸ்டிக்கருக்கு மாதந்தோறும் கட்டணம் வசூலிக்கப்படுகிறது என்பதும் 2023இல் வெளியே வந்து பெரும் புயலைக் கிளப்பின.

"வெளிநாட்டினர் சொல்கிறார்கள்" என்னும்போது எந்த வெளிநாட்டினர் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். பட்டாயாவில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் ஐரோப்பியர் ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டுக் கொடுத்த சில நூறு பாட் (தாய்லாந்து நாணயம்) பணத்தைப் பற்றி ஆண்டு முழுவதும் பேசுவார். தாய்லாந்தில் வாழும் வெளிநாட்டினரில் மிகப் பெரிய கூட்டமோ மியான்மரிலிருந்து வந்த தொழிலாளர்கள். பாங்காக்கை அடுத்த சமுத் சாக்கோனின் மீன் பதப்படுத்தும் ஆலைகளிலும் கட்டடப் பணிகளிலும் உழைக்கும் அவர்கள், ஆவணம் பெறுவதற்கும் பெற்ற ஆவணத்தைக் காட்டிய பிறகும் தெருவில் தொல்லையின்றி நடப்பதற்கும் தங்கள் கூலியிலிருந்து இழப்பது எந்த ஐரோப்பியர் இழப்பதைவிடவும் மிக அதிகம். அவர்களுடைய குரல் உங்கள் சித்தப்பாவின் காதுக்கு எட்டியிருக்க வாய்ப்பு குறைவு.

கேள்வி: நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். சியாங் மாயில் சில ஆண்டுகள் வாழ விரும்புகிறேன். வங்கியில் வைப்புத்தொகை காட்டாமலேயே ஓய்வுக்கால விசா நீட்டிப்பு வாங்கித் தர முகவர்கள் இருக்கிறார்களாமே?
– வாசகர், சென்னை

பதில்: இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் போக வேண்டாம் என்று சொல்வதோடு, காரணத்தையும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஐம்பது வயது நிறைந்தவர் ஓய்வுக்கால அடிப்படையில் தங்கும் காலத்தை நீட்டிக்க, தாய் வங்கி ஒன்றில் தம் பெயரில் 8,00,000 பாட் வைத்திருக்க வேண்டும். அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். வைப்புத்தொகை விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே கணக்கில் இருக்க வேண்டும், அனுமதி கிடைத்த பின்னும் மூன்று மாதம் அப்படியே இருக்க வேண்டும், அதன் பிறகும் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று 2019இல் விதியை இறுக்கினார்கள். பணம் இல்லாதவர்களின் கணக்கில் சில நாள்களுக்குத் தொகையைப் போட்டு எடுத்து, உள்ளே இருக்கும் ஒருவரின் கண்மூடலோடு முத்திரை வாங்கித் தருவதுதான் முகவரின் தொழில். நாட்டின் ஊழலைப் பற்றி மாலை வேளைகளில் மணிக்கணக்கில் வருந்தும் வெளிநாட்டினர் சிலர் ஆண்டுக்கொரு முறை இந்த முகவரிடம் போய்வருகிறார்கள் என்பது அங்கே ஊரறிந்த செய்தி. அதைக் கையூட்டு என்று அவர்கள் சொல்வதில்லை; சேவைக் கட்டணம் என்கிறார்கள்.

அகப்பட்டால் முகவர் வேறொரு பெயரில் கடை திறப்பார். நீங்கள்தான் நாட்டை விட்டு வெளியேற வேண்டியிருக்கும். நீட்டிப்பு செல்லாததாகி, அனுமதித்த காலத்தைத் தாண்டித் தங்கியவராகக் கருதப்பட்டுக் கைது செய்யப்பட்டால், தாண்டியது ஓராண்டுக்குக் குறைவானாலும் ஐந்தாண்டு நாட்டுக்குள் நுழைய முடியாது. ஓராண்டுக்கு மேல் என்றால் பத்தாண்டு. 90 நாளுக்கு ஒரு முறை முகவரியைத் தெரிவிப்பதும், நீங்கள் குடியேறியதை வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்வதும் எரிச்சலூட்டும் சடங்குகள்தாம். ஆனால் இரண்டையும் முகவர் இல்லாமலேயே முடித்துவிடலாம்.

கேள்வி: தாய் மக்கள் புன்னகையோடு எதையும் பொறுத்துக்கொள்பவர்கள், ஊழல் அவர்களுடைய பண்பாட்டிலேயே ஊறியது என்று அங்கு வாழ்ந்து திரும்பிய ஆங்கிலேய நண்பர் எழுதுகிறார். ஒப்புக்கொள்கிறீர்களா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: இல்லை. மொழி புரியாத ஒருவருக்குத் தெரிவது புன்னகை மட்டுமே. அதற்குப் பின்னால் இருக்கும் கோபம் தாய் மொழியில்தான் வெளிப்படுகிறது.

2012 செப்டம்பர் 3ஆம் தேதி பாங்காக்கின் சுக்கும்வித் சாலையில் ஒரு ஃபெராரி கார் மோதிக் காவலர் ஒருவர் உயிரிழந்தார். காரை ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ரெட் புல் பானக் குடும்பத்தின் வாரிசான வோரயுத் யூவித்யா. அவர் பல முறை நேரில் வராமல் இருந்து, 2017இல் நாட்டை விட்டு வெளியேறினார்; ஒவ்வொரு குற்றச்சாட்டாகக் காலாவதியானது. எஞ்சியதையும் அரசு வழக்கறிஞர்கள் கைவிட்டார்கள் என்ற செய்தி 2020 ஜூலையில் வெளியானபோது எழுந்த சீற்றத்தில் அரசே விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது. காரின் வேகத்தைக் குறைத்துக் காட்டும்படி சாட்சியத்தை மாற்ற முயன்ற வழக்கில், 2025இல் மூத்த அரசு வழக்கறிஞர் நிலையில் இருந்தவர்களுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. பொறுத்துக்கொண்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

இன்னொன்று. 2017 டிசம்பரில் புதிய அமைச்சரவையின் குழுப் புகைப்படம் எடுக்கும்போது, வெயிலுக்காகத் துணைப் பிரதமர் பிரவித் வோங்சுவான் கையை உயர்த்தி நெற்றியில் வைத்தார். சட்டைக் கை விலகி ஒரு விலையுயர்ந்த கைக்கடிகாரம் தெரிந்தது. இணையத்தில் பழைய படங்களைத் தோண்டியவர்கள் இருபதுக்கும் மேற்பட்ட கடிகாரங்களைக் கண்டுபிடித்தார்கள். இறந்துபோன நண்பரிடம் இரவல் வாங்கியவை என்றார் அவர்; ஊழல் தடுப்பு ஆணையம் ஓராண்டு கழித்து அதை ஏற்றுக்கொண்டது. மக்கள் ஏற்றுக்கொள்ளவில்லை, அந்தக் கடிகாரங்கள் கேலிச்சித்திரப் பொருளாயின.

2006, 2014 ஆகிய ஆண்டுகளின் இரு இராணுவப் புரட்சிகளும் ஊழலை ஒழிப்பதாகச் சொல்லியே நடந்தன என்பதையும் நினைவில் வையுங்கள். ஆட்சியைக் கேள்வி கேட்க வேண்டிய அமைப்புகளின் உறுப்பினர்களுக்கு, 2014 புரட்சிக்குப் பின் ஆட்சியே நியமித்த சபைகள் ஒப்புதல் அளித்ததையும், பல காவலர்கள் தம் துப்பாக்கியைத் தம் பணத்தில் வாங்கிக்கொள்ளும் நிலையையும் பார்க்காமல் "பண்பாடு" என்று முடித்துவிடுவது சோம்பல்.

கேள்வி: புக்கெட்டில் பைக் ஓட்டிய என் மகனை நிறுத்தி, ரசீது இல்லாமல் 500 பாட் கேட்டார்கள். கொடுத்துவிட்டு வந்துவிட்டான். வேறென்ன செய்திருக்கலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில், மகனிடம் இருசக்கர வாகனத்துக்குமான பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இருந்ததா, ஹெல்மெட் போட்டிருந்தானா என்று கேளுங்கள். இல்லையென்றால் அபராதம் நியாயமானதே. ரசீது இல்லாததுதான் குற்றம். அபராதச் சீட்டைக் கேட்டு வாங்கி முறைப்படி செலுத்துகிறேன் என்று பணிவாகச் சொல்லலாம். குரலை உயர்த்தக் கூடாது. சுற்றுலாக் காவல் துறையின் 1155 எண்ணில் ஆங்கிலத்தில் பேச முடியும். 2023 ஜனவரியில் பாங்காக் சோதனைச் சாவடியில் 27,000 பாட் பறிக்கப்பட்டதாகத் தைவான் நடிகை ஒருவர் கூறியபோது, அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள். பிறகு காவலர்கள் மீது நடவடிக்கை வந்தது. (மின்சிகரெட் அங்கே தடை செய்யப்பட்ட பொருள். அதைப் பையில் வைத்திருப்பது வலியப் போய்ப் பிடிபடுவதாகும்.)

கேள்வி: அங்கே பட்ட கசப்பான அனுபவத்தை இணையத்தில் எழுதினால் சிக்கல் வருமா?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: வரலாம். தாய்லாந்தில் அவதூறு குற்றவியல் சட்டத்துக்குள் அடங்கும். வெளியிட்டுப் பரப்பினால் 328ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை. 2020இல் கோ சாங் தீவின் விடுதி ஒன்றைக் குறை கூறி விமரிசனம் எழுதிய அமெரிக்கர் ஒருவர் கைதாகி, சிறையில் இரவைக் கழித்து, மன்னிப்புக் கேட்ட பிறகே வழக்கு முடிந்தது. அரச குடும்பம் தொடர்பான 112ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. ஒவ்வொரு குற்றத்துக்கும் மூன்று முதல் பதினைந்து ஆண்டு சிறை. கடவுச்சீட்டு எந்த நாட்டினுடையது என்று அது பார்ப்பதில்லை. சியாங் மாயில் மன்னரின் படங்கள் மீது சாயம் பூசிய சுவிஸ் நாட்டவருக்கு 2007இல் பத்தாண்டு விதிக்கப்பட்டது; அரச மன்னிப்பால் வெளியேறினார். சட்டம் பெயருக்குத்தான் என்று நம்பும் வெளிநாட்டினர் இடறி விழுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்.

கேள்வி: சாமுய் தீவில் நிலம் வாங்க, தாய் நாட்டவர் பெயரில் நிறுவனம் தொடங்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், காயல்பட்டினம்

பதில்: அதற்கு நம் ஊரில் பினாமி என்று பெயர்; அங்கும் அது குற்றம். வெளிநாட்டினர் பொதுவாக நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் கட்டடத்தின் விற்பனைப் பரப்பில் 49 விழுக்காடு வரை வெளிநாட்டினர் சொந்தமாக வைத்திருக்கலாம். நிலத்தை 30 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கலாம்.

கேள்வி: கணினிப் பட்டதாரியான என் தங்கை மகனுக்குத் தாய்லாந்தில் நல்ல சம்பளத்தில் வேலை, பாங்காக் வந்ததும் விசாவை மாற்றித் தருவோம் என்கிறார் ஒரு முகவர். அலுவலகம் மே சோட்டில் இருக்கிறதாம்.
– வாசகி, விழுப்புரம்

பதில்: அனுப்பாதீர்கள். மே சோட், பாங்காக்கிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் எல்லை நகரம். மோய் ஆற்றைக் கடந்தால் மியான்மரின் மியாவடி. இணைய மோசடி முகாம்கள் அங்கேதான் இருக்கின்றன. 2022இல் இப்படிச் சென்று சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் மீட்கப்பட்டுத் திரும்பினார்கள். 2025 மார்ச்சில் மே சோட்டிலிருந்து 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்துவந்தார்கள். உண்மையான வேலையென்றால் புறப்படும் முன்பே தாய் தூதரகத்தின் வழியாக நான்-இமிகிரண்ட் 'பி' என்னும் வேலை விசாவும், நிறுவனத்தின் பெயரும் முகவரியும் கொண்ட வேலைக் கடிதமும் கையில் இருக்கும். முகவரின் பதிவு எண்ணை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். பணம் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், பையன் வீட்டில் இருக்கும்போதே காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.