சான்று 'ஏ' தரம் என்றால் மாத்திரையும் 'ஏ' தரமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. 12 வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷரும் உண்டு, இரண்டுக்கும் மாத்திரை போடுகிறார். மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரின் 75 மி.கி. பல வருடமாக ஓடுகிறது. போன மாதம் பார்த்த இதய டாக்டர் அது வேண்டாம், நிறுத்திவிடலாம் என்கிறார். நெட்டில் தேடினால், அமெரிக்க வழிகாட்டுதலில் ஆஸ்பிரினுக்குச் சான்று நிலை 'ஏ', பரிந்துரை வகுப்பு '2பி' என்று இருக்கிறது. இன்னொரு இடத்தில் அதே மாத்திரைக்கு 'டி' போட்டிருக்கிறார்கள். ஏ என்றால் முதல் தரம்தானே? யாரை நம்புவது? அப்பா முழங்கால் வலிக்கு அடிக்கடி மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்னீர்களே, அந்த வலி மாத்திரை, அதுதான் இங்கே முக்கியம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்கள், ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்தவர்கள் யாரும் இதைப் படித்துவிட்டு ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கணக்கே வேறு. 1988-ல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், மாரடைப்போடு வந்த 17,187 பேரில் ஒரு மாதம் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களிடம் இதய, ரத்தக்குழாய் மரணங்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. நான் பேசப்போவது இன்னும் எதுவும் வராத உங்கள் அப்பா போன்றவர்களைப் பற்றி மட்டும்.

நீங்கள் பார்த்த 'ஏ' மாத்திரைக்குக் கொடுத்த மதிப்பெண் கிடையாது. அமெரிக்க இதயச் சங்கமும் அமெரிக்க இதயவியல் கல்லூரியும் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் அது. அதில் ஒவ்வொரு பரிந்துரைக்கும் இரண்டு குறியீடு இருக்கும். சான்று நிலை என்பது, இந்த விஷயத்தில் நமக்குத் தெரிந்தது எவ்வளவு உறுதியானது என்று சொல்கிறது. வகுப்பு என்பது, அந்த மருந்தால் வரும் நன்மை தீமையைக் கழித்துப் பார்த்தால் கையில் எவ்வளவு நிற்கிறது என்று சொல்கிறது. 'ஏ, 2பி' என்றால், நிறைய நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன, அவற்றிலிருந்து உறுதியாகத் தெரிய வந்ததே லாபம் ரொம்பக் குறைவு என்பதுதான். அதுவும் 40 முதல் 70 வயதுக்குள், இதயநோய் அபாயம் அதிகமாகவும் ரத்தக்கசிவு அபாயம் இல்லாமலும் இருக்கிற சிலருக்கு 'யோசித்துப் பார்க்கலாம்' என்ற அளவில்தான்.

உங்கள் அப்பாவுக்கு ஏறக்குறைய பொருந்துகிற ஆய்வு 2018-ல் வந்த அசெண்ட். சர்க்கரை இருந்து, இதயநோய் வராத 15,480 பேர், சராசரியாக 7.4 வருடம். பாதிப்பேருக்கு ஆஸ்பிரின், பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை, யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் வெற்று மாத்திரைக்காரர்களில் 9.6 சதவீதம், ஆஸ்பிரின்காரர்களில் 8.5. பெரிய ரத்தக்கசிவு 3.2 சதவீதத்திலிருந்து 4.1 ஆக ஏறியது. அதாவது ஆயிரம் பேர் ஏழு வருடத்துக்கும் மேல் தினமும் விழுங்கினால் சுமார் 11 பேர் தப்பிக்கிறார்கள், 9 பேருக்கு வயிற்றிலோ குடலிலோ மூளையிலோ வேறெங்கோ பெரிதாக ரத்தம் கசிகிறது. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு எல்லோரும் சாப்பிடுங்கள் என்று எந்த டாக்டர் எழுதுவார்?

அப்படியானால் குடும்ப டாக்டர் எழுதியது தப்பா என்றால், தப்பில்லை. 1989-ல் 22,071 அமெரிக்க ஆண் மருத்துவர்களிடம் செய்த ஆய்வில் ஆஸ்பிரின் மாரடைப்பை 44 சதவீதம் குறைத்தது. அந்தக் காலத்தில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பரவலாக இல்லை. இன்றைக்கு ஸ்டாட்டினும் பிரஷர் மாத்திரையும் அபாயத்தை முன்கூட்டியே குறைத்துவிடுவதால், ஆஸ்பிரின் தடுப்பதற்கு மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.

இங்கேதான் சான்றை எடைபோடுகிற கிரேட் என்ற முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உலக சுகாதார நிறுவனமும் பயன்படுத்துகிறது. குலுக்கல் முறை ஆய்வு என்றால் 'உயர்' தரத்தில் தொடங்குவார்கள், ஆனால் அதோடு விட்டுவிடுவதில்லை. ஆய்வில் சாய்வு இருந்ததா, ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா, ஆய்வில் இருந்தவர்கள் நம் நோயாளி மாதிரியா, எண்ணிக்கை போதுமா, பாதகமான முடிவுகளை வெளியிடாமல் அமுக்கிவிட்டார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் படி இறக்குவார்கள். வெறுமனே கவனித்து எழுதிய ஆய்வு 'குறைவு' தரத்தில்தான் தொடங்கும், ஏனென்றால் ஒழுங்காக மாத்திரை போடுகிறவர் பெரும்பாலும் ஒழுங்காக நடைப்பயிற்சியும் போகிறவர், எது காப்பாற்றியது என்று பிரிப்பது கஷ்டம். நம்மைப் போன்றவர்களிடம் சோதித்தார்களா என்று கேட்டால், 2021-ல் வந்த டிப்ஸ்-3 ஆய்வில் கணிசமானவர்கள் இந்தியர்கள், அதே 75 மி.கி. மாத்திரை. பாதிப்பு 4.7-லிருந்து 4.1 சதவீதம் ஆனது, ஆனால் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவுக்குத்தான் இருந்தது.

அந்த 'டி' வேறொரு குழுவினுடையது, அமெரிக்க நோய்த்தடுப்புச் சேவைகள் பணிக்குழு. அவர்களுடைய எழுத்து சான்றின் உறுதியையும் நிகர லாபத்தையும் சேர்த்துச் சொல்வது, அதனால் இவர்களுடைய ஏ-யையும் அவர்களுடைய டி-யையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. 2016-ல் 60 முதல் 69 வயதுக்கு, ஆளைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று 'சி' கொடுத்திருந்தார்கள், புது ஆய்வுகள் வந்தபின் 2022-ல் 60 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று 'டி' ஆக்கினார்கள். 'தொடங்க' என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே சாப்பிடுகிறவரை அந்த டி நேரடியாகக் கட்டுப்படுத்தாது, அங்கே ஆளைப் பார்த்துத்தான் முடிவு.

ஆளைப் பார்த்தால் வலி மாத்திரை வருகிறது. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாதிரி மாத்திரைகளை ஆஸ்பிரினோடு சேர்த்துச் சாப்பிட்டால் வயிற்றில் புண்ணும் கசிவும் வரும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு, இதயநோய் வராமல் தடுப்பதற்காக ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது என்று அதே 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வரிக்குச் சான்று நிலை வெறும் 'சி'. அல்சரில் ரத்தம் போனவருக்கு ஆஸ்பிரின் கொடுத்து யார் ஆய்வு நடத்துவார்கள்? சான்று குறைவாக இருந்தும் பரிந்துரை கறாராக இருப்பதற்குக் காரணம் அதுதான், எனக்கும் அதில் முழுச் சம்மதம்.

ஆகவே நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இதய டாக்டர் சொல்வது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: கழுத்து அல்லது கால் ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பதாக எப்போதாவது ஸ்கேனில் வந்திருக்கிறதா, இதயத்தில் ஸ்கேன் எடுத்துக் கால்சியம் படிவு அதிகம் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா. இருந்தால் கணக்கு மாறலாம். ஸ்டாட்டின், சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் விட வேண்டாம். முழங்காலுக்கு எந்த வலி மாத்திரை, மாதத்தில் எத்தனை என்று அட்டையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள், சர்க்கரை உள்ளவருக்கு அது சிறுநீரகத்துக்கும் ஆகாது. அதுவரை இடையில் எப்போதாவது மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ, அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.