கணப்பில் நெருப்பு நீடித்து எரிய

கேள்வி: கோத்தகிரியில் நாங்கள் வாங்கியுள்ள பழைய பங்களாவில் விறகு எரிக்கும் கணப்பு உள்ளது. எவ்வளவு விறகு வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் எரிந்து தீர்ந்துவிடுகிறது. இரவில் புகைபோக்கியின் தகட்டைப் பாதி சாத்தினால் தணல் விடியும்வரை தாங்கும் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். அப்படிச் செய்யலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: தகட்டைச் சாத்தும் எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். சுடர் அடங்கிக் கனிந்துகொண்டிருக்கும் தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வெளிவருகிறது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு வெளியேற வழியின்றி அறைக்குள் திரும்பினால், உறங்குபவர்கள் அதை உணரவே மாட்டார்கள். தணல் முற்றிலும் அவியும்வரை தகடு முழுமையாகத் திறந்திருக்க வேண்டும். திறந்த கணப்பு விடிய விடிய எரிவதற்கானதன்று. படுக்கப்போகும் முன் அணைந்துவிடும்படி, முன்கூட்டியே விறகு இடுவதை நிறுத்திவிடுங்கள். அந்த அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றும் இருக்கட்டும்.

மாலைப் பொழுதில் நெருப்பை நீட்டிக்கும் வழி விறகில்தான் இருக்கிறது. மெல்லிய பிளவுகளில் காற்றுப் படும் பரப்பு அதிகம் என்பதால் அவை மளமளவென்று எரிந்துவிடும். பருத்த சீகைக் கட்டை ஒன்றைப் பின்சுவரை ஒட்டிக் கிடத்தி, அதன் முன்னே நடுத்தரத் துண்டுகளை நெருக்கமாக அடுக்கி, உச்சியில் சுள்ளிகளை வைத்து மேலிருந்து பற்றவைத்தால், நெருப்பு படிப்படியாகக் கீழே இறங்கும், புகையும் குறையும். பழைய சாம்பலை முழுவதும் வழித்தெடுக்காமல் 2 அல்லது 3 சென்டிமீட்டர் அளவுக்கு விட்டுவைத்தால், அதில் புதைந்த தணல் சூடு குறையாமல் நெடுநேரம் இருக்கும்.

ஈர விறகு மெதுவாக எரிவதால் அதுவே நல்லது என்று சிலர் கருதுகிறார்கள். இது ஆபத்தான கணக்கு. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீராகவே இருக்கக்கூடும். வெப்பத்தின் கணிசமான பகுதி அந்த நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. குளிர்ந்து மேலேறும் புகை, புகைபோக்கியின் உட்சுவரில் தார் போன்ற கரும்படிவாக ஒட்டிக்கொள்கிறது. ஒருநாள் அந்தப் படிவே தீப்பற்றினால், கூரை மரங்கள்வரை பரவிவிடும். விறகின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நீலகிரியில் இரு பருவமழைகளும் பெய்வதால் நவம்பரில் வாங்கும் விறகை நம்ப முடியாது. ஜனவரியிலேயே வாங்கிப் பிளந்து, மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் உள்ள கொட்டகையில் தரைபடாமல் அடுக்கிவைத்தால், அடுத்த குளிர்காலத்துக்குப் பதமாகிவிடும். நன்கு உலர்ந்த கட்டையின் முனையில் நடுவிலிருந்து வெடிப்புகள் ஓடியிருக்கும். இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும்.

அள்ளும் சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் இட்டு, வீட்டுக்கு வெளியே மண் தரையில் வையுங்கள். உள்ளே கங்கு சில நாட்கள்கூட உயிரோடிருக்கும். நீங்கள் வாங்கியது பழைய வீடு என்பதால், அடுத்த முறை நெருப்பு மூட்டுமுன் புகைபோக்கியில் விரிசலோ பறவைக் கூடோ உள்ளதா என்று அனுபவமுள்ள கொத்தனாரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். அதன்பின் ஆண்டுதோறும் குளிர்காலத்துக்கு முன் கரி நீக்கிச் சுத்தம் செய்யுங்கள்.